முதல்கட்ட மஸ்டாங்கின் டாஷ்போர்டு உறுப்புகளை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை மிஷிகன் மாநிலத்தின் டியர்பார்ன் ஆலையில் 1964 மார்ச் 9 அன்று உற்பத்தி செய்யத் தொடங்கி, ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. வழக்கமான புத்தாண்டு மாடல்கள் வெளிவர இன்னும் பல மாதங்கள் இருந்ததால், ஜூலை இறுதி வரை வந்த கார்களுக்கும் ஆகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கிய வழக்கமான 1965 உற்பத்திக்கும் இடையே சில மாற்றங்கள் புகுந்துவிட்டன. முதல்கட்டக் கார்களைச் சேகரிப்பாளர்கள் 1964½ என்று அழைக்கிறார்கள். ஃபோர்டின் பதிவேடுகளில் அப்படி ஓர் ஆண்டு கிடையாது. எல்லாக் கார்களும் 1965 மாடல் என்றே எண்ணிடப்பட்டன. ஆனாலும் அந்த அரை ஆண்டுக்குச் சந்தையில் தனி விலை உண்டு. அதனால்தான் டாஷ்போர்டு உறுப்புகளில் கலப்பும் சில சமயம் திட்டமிட்ட மாற்றமும் நடக்கின்றன.

ஒரு மீட்டர் பேனலோ அதன் உட்பகுதியோ முதல்கட்ட உற்பத்தியைச் சேர்ந்ததுதானா என்று முடிவுசெய்யும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எழுத்து, எண், தேதி, ஒயரிங் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொன்னால்தான் முடிவுக்கு வர வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

முதல் படி: காரின் காலத்தை முதலில் உறுதிசெய்க

டாஷ்போர்டைத் தொடுவதற்கு முன்பு கார் எப்போது கட்டப்பட்டது என்பது தெரிய வேண்டும். கார் எண் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று ஓட்டுநர் கதவின் விளிம்பில் அடிக்கப்பட்ட தகடு. மற்றொன்று என்ஜின் அறையில் ஓட்டுநர் பக்கத்து உள் மட்கார்டுத் தகட்டில் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும் எண். கதவுத் தகட்டைப் புதிதாகச் செய்து தருபவர்கள் இருப்பதாலும், கதவையே மாற்றியிருக்க வாய்ப்பு இருப்பதாலும், உடலில் குத்தப்பட்ட எண்ணைத்தான் முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

எண்ணை வாசிக்கும் முறை எளிது. கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் விமானி ஸ்டான்லி டக்கருக்கு விற்கப்பட்டு, இன்று ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற முதல் காரின் எண் 5எஃப்08எஃப்100001. இதில் 5 என்பது மாடல் ஆண்டு; முதல் எஃப் டியர்பார்ன் ஆலை; 08 என்பது மடக்குக் கூரை கொண்ட கன்வெர்ட்டிபிள் உடல்; அடுத்த எஃப் 260 கன அங்குல வி8 என்ஜின்; மீதி வரிசை எண். முதல்கட்டத்தைக் காட்டிக்கொடுப்பது என்ஜின் எழுத்துதான். யு என்பது 170 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினையும், எஃப் 260 வி8-ஐயும், டி (D) 210 குதிரைத்திறன் கொண்ட 289 வி8-ஐயும் குறிக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு இவற்றின் இடத்தில் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு ‘ட்டீ’ (T), 289 வி8 என்ஜின்களுக்கு சி, ஏ என்ற எழுத்துகள் வந்தன. 1964 ஜூனில் வந்த உயர்திறன் கே என்ஜின் இரு கட்டங்களிலும் உண்டு என்பதால் அந்த எழுத்து மட்டும் எதையும் நிரூபிக்காது.

கதவுத் தகட்டில் நாளும் மாத எழுத்தும் சேர்ந்த ஒரு குறி இருக்கும். 12இ என்றால் மே 12. மாதங்களை ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி எண்ணிக்கொண்டு போகலாம். எண் 1 போலத் தோன்றும் ஐ எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள் என்பதால் ஆகஸ்டுக்கு எச், செப்டம்பருக்கு ஜே. இது திட்டமிட்ட நாள்தான். கார் உண்மையில் கட்டி முடிந்த நாள் அதற்குச் சற்று முன்பின்னாக இருக்கலாம். வரிசை எண்ணை வைத்து நாளைக் கணக்கிட முயல வேண்டாம், ஏனென்றால் எண் வழங்கப்பட்ட வரிசையிலேயே கார்கள் கட்டப்படவில்லை.

இந்தப் படியிலேயே ஒரு பெரிய வடிகட்டல் நடந்துவிடுகிறது. சாய்ந்த கூரை கொண்ட ஃபாஸ்ட்பேக் உடல், எண்ணில் 09 என்று வருவது, 1964 செப்டம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே ‘முதல்கட்ட டாஷ்போர்டு கொண்ட ஃபாஸ்ட்பேக்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பேனல் வேறு காரிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பேனலின் வகையைப் பார்க்க

முதல்கட்டக் கார்களில் இருந்தது ஃபால்கன் காரின் வழிவந்த நீள்சதுரப் பேனல். நடுவில் இடமிருந்து வலமாக முள் நகரும் கிடைமட்ட ஸ்பீடோமீட்டர். அதன் இரு பக்கங்களிலும் பெட்ரோல் அளவுக்கும் என்ஜின் வெப்பத்துக்கும் மானிகள். எண்ணெய் அழுத்தத்துக்கும் சார்ஜிங்குக்கும் மானி இல்லாமல் எச்சரிக்கை விளக்குகள். விலை குறைந்த குடும்பக் காரின் பேனலை ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்திவிட்டார்கள் என்று அன்றே முணுமுணுப்பு இருந்தது, அது நியாயமானதும்கூட.

வட்ட வடிவ ஐந்து மானிகள் கொண்ட பேனல் 1965 வசந்த காலத்தில் ஜிடி தொகுப்போடும், ஓடும் குதிரைகள் பொறித்த இருக்கைகள் கொண்ட உயர்தர உள்ளலங்காரத் தொகுப்போடும் வந்தது. 1966 மாடலில் அது எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. ஆகவே 1964 தேதியிட்ட காரில் ஐந்து மானிப் பேனலைக் கண்டால், அது எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும், பிற்பாடு மாற்றப்பட்டதே. பெரும்பாலும் உடைக்கப்பட்ட 1966 காரிலிருந்து எடுத்து, அழகுக்காகவும் கூடுதல் மானிகளுக்காகவும் பொருத்தியிருப்பார்கள். நீள்சதுரப் பேனல் இருப்பதனால் மட்டும் கார் முதல்கட்டம் ஆகிவிடாது. 1965 மாடலின் சாதாரணக் கார்கள் அனைத்திலும் அதே பேனல்தான். இரண்டையும் பிரிப்பது அடுத்த படி.

மூன்றாம் படி: சார்ஜிங் விளக்கின் எழுத்து

1964 ஜூலை வரையிலான கார்களில் மின்சாரத்தைத் தந்தது நேர்மின் ஜெனரேட்டர். ஆகஸ்டு முதல் ஃபோர்டு ஆல்டர்னேட்டருக்கு மாறியது. என்ஜின் மெதுவாக ஓடும்போதும் பேட்டரிக்குப் போதிய மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டரின் பலம் என்பதால் அந்தக் காலத்தில் தொழில் முழுவதுமே அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது. பேனலில் இதன் தடம் மூன்று எழுத்துகள்: முதல்கட்டத்தில் எச்சரிக்கை விளக்கின் மேல் ஜெனரேட்டரைச் சுருக்கி ‘ஜென்’ என்றும், பிறகு ஆல்டர்னேட்டரைச் சுருக்கி ‘ஆல்ட்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

விளக்கு அணைந்திருக்கும்போது இந்த எழுத்து மங்கலாகத்தான் தெரியும். சாவியை ஓட்ட நிலைக்குத் திருப்பி, என்ஜினை இயக்காமல் பாருங்கள். எழுத்து சிவப்பாக எரிய வேண்டும். எரியும்போது எழுத்தின் விளிம்புகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆலையில் அச்சான எழுத்தின் ஓரம் கூர்மையாகவும், பக்கத்து எண்ணெய் அழுத்த விளக்கின் எழுத்தோடு அதே கனத்திலும் அதே சிவப்பிலும் இருக்கும். ஒன்று அடர்ந்தும் மற்றொன்று வெளுத்தும் இருந்தால், அல்லது ஓர் எழுத்தின் ஓரத்தில் ஒளி கசிந்தால், அந்தப் பகுதி மட்டும் தனியே மாற்றப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. அறுபது ஆண்டு வெயிலும் வெப்பமும் இரண்டையும் ஒன்றுபோலத்தான் வெளுக்க வைத்திருக்க வேண்டும்.

அடுத்து பானெட்டைத் திறந்து என்ஜினோடு ஒப்பிட வேண்டும். ஜெனரேட்டர் நீண்ட உருளை; ஆல்டர்னேட்டர் குட்டையான, விசிறி கொண்ட வட்டமான உடல். பார்த்தவுடன் வேறுபாடு தெரியும். பேனலில் ஜென் என்றும் என்ஜினில் ஆல்டர்னேட்டர் என்றும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஜெனரேட்டர் பழுதானபோது ஆல்டர்னேட்டரைப் போட்டு, எழுத்தை மாற்றாமல் விட்டுவிடுவது மெக்கானிக்குகளின் இயல்பான வழக்கம், அத்தகைய காரில் பேனல் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆல்ட் என்ற பேனலோடு ஜெனரேட்டர் இருந்தால் பேனல் வேறு காருடையது. மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மூன்றாவது நிலையில்: கார் எண் ஆகஸ்டுக்குப் பிந்திய என்ஜினைச் சொல்கிறது, ஆனால் பேனலில் ஜென் பளிச்சென்று எரிகிறது. விலையை ஏற்றுவதற்குச் செலவு குறைந்த வழி இதுதான் என்பதால், இங்கே எழுத்தை அறவே நம்பக் கூடாது.

நான்காம் படி: பேனலைக் கழற்றுதல்

முன்பக்கம் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. பின்பக்கத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் மேல் தடித்த துணி ஒன்றை விரித்துவிட்டு, பேனலின் ஓரச் சட்டத்திலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். பேனலை ஒரேயடியாக இழுக்காமல், கை நுழையும் அளவுக்கு முன்னே சாய்த்து, ஸ்பீடோமீட்டர் கேபிளின் திருகு வளையத்தைப் பின்புறத்திலிருந்து கையாலேயே தளர்த்த வேண்டும். அவசரத்தில் இழுத்தால் முதலில் உடைவது இந்த இடம்தான். ஒயர்களைக் கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்பையும் படமெடுத்து, சிறு காகிதச் சீட்டில் பெயர் எழுதிக் கட்டிவிடுங்கள்.

கழற்றும்போதே கிடைக்கும் சான்றுகள் உண்டு. ஸ்க்ரூத் தலைகளின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, அவை ஒரே வகையா என்று பாருங்கள். சட்டத்தின் ஓரம் டாஷ்போர்டின் பெயின்ட்டில் பதித்த தடம், இப்போது இருக்கும் சட்டத்தோடு மிகச்சரியாகப் பொருந்த வேண்டும். சட்டத்துக்கு வெளியே வெளுக்காத பெயின்ட் கோடாகத் தெரிந்தால், அங்கே நெடுங்காலம் வேறொரு சட்டம் இருந்திருக்கிறது.

ஐந்தாம் படி: எண்களை வாசித்தல்

குழப்பம் அதிகம் பிறப்பது இந்த இடத்தில். ஃபோர்டின் அக்கால எண்கள் மூன்று துண்டுகள் கொண்டவை. முன்னொட்டில் நான்கு குறிகள். நடுவில் உறுப்பின் அடிப்படை எண். கடைசியில் ஓர் எழுத்து. எடுத்துக்காட்டாக முன்னொட்டு சி5இசட்எஃப் என்றிருந்தால், சி என்பது 1960-களையும், 5 என்பது 1965-ஐயும், இசட் என்பது மஸ்டாங்கையும், எஃப் என்பது அதை வடிவமைத்த பொறியியல் பிரிவையும் குறிக்கும். மூன்றாவது குறி டி (D) என்றிருந்தால் அந்த உறுப்பு முதலில் ஃபால்கனுக்காக வடிவமைக்கப்பட்டது என்று பொருள். மஸ்டாங் அந்தக் காரின் உறுப்புகளை நிறையப் பகிர்ந்துகொண்டதால் இது குறையல்ல. அடிப்படை எண்களில் மனத்தில் இருத்த வேண்டியவை சில: மீட்டர் பேனல் தொகுப்புக்கு 10849, ஸ்பீடோமீட்டருக்கு 17255, ஹெட்லைட் சுவிட்சுக்கு 11654, கடிகாரத்துக்கு 15000, டாஷ்போர்டுக்குக் கீழுள்ள முதன்மை ஒயரிங் கட்டுக்கு 14401.

முன்னொட்டில் உள்ள ஆண்டு, வடிவமைப்பு வெளியிடப்பட்ட மாடல் ஆண்டு; அந்த உறுப்பு செய்யப்பட்ட ஆண்டு அல்ல. 1964 ஏப்ரலில் கட்டப்பட்ட காரில் 5 என்ற எண்ணைக் கண்டு ‘இது பிற்காலத்தது’ என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அந்தக் கார் 1965 மாடலாகவே வடிவமைக்கப்பட்டதால் அந்த எண் அங்கே இருப்பதில் வியப்பில்லை. ஆனால் 6 என்று இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. 1964 காரில் அது மாற்றுறுப்பு. கடைசி எழுத்து ஏ-யிலிருந்து பி, சி என்று நகர்வது பெரும்பாலும் வடிவமைப்பில் வந்த திருத்தத்தைக் காட்டும், ஆனால் சில உறுப்புகளில் அது வேறுபட்ட வகையையும் குறிக்கிறது என்பதால், ஏ என்றாலே முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

நான்காவது குறியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உறுப்பின் மேல் பதிந்திருப்பது பொறியியல் எண். டீலர் கடையின் பட்டியலிலும் பெட்டியின் மேலும் இருப்பது சர்வீஸ் எண். மஸ்டாங் உறுப்புகளில் அதன் நான்காவது குறியும் இசட் ஆக வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியோடு விற்கப்படும் ‘பழைய கையிருப்பு’ உறுப்பில், பெட்டி எண்ணை மட்டும் படமெடுத்துப் போட்டிருந்தால், உறுப்பின் மேலுள்ள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டீலர்களுக்குப் போன சர்வீஸ் உறுப்புகள் பல சமயம் திருத்தப்பட்ட வடிவமாகவே இருந்தன. அவை அசல் ஃபோர்டு உறுப்புகள்தாம், ஆனால் முதல்கட்ட உறுப்புகள் அல்ல.

ஆறாம் படி: தேதிக் குறிகள்

உறுப்பின் தேதி பெரும்பாலும் ஆண்டின் கடைசி எண், மாத எழுத்து, நாள் என்ற வரிசையில் இருக்கும். 4இ12 என்றால் 1964 மே 12. எல்லா உறுப்புகளிலும் இதே வடிவத்தை எதிர்பார்க்கக் கூடாது. சிலவற்றில் மை முத்திரை, சிலவற்றில் உலோகத்தில் அழுத்திய குறி, சிலவற்றில் எதுவுமே இருக்காது. மை முத்திரையைத் தேடும்போது துணியில் எந்தத் திரவத்தையும் தொட்டுத் துடைக்காதீர்கள். மென்மையான உலர் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் போதும்.

ஓர் உறுப்பு காரில் ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செய்யப்பட்டிருக்கும். ஆகவே காரின் நாளுக்குச் சற்று முந்திய தேதியே இயல்பானது. கார் உண்மையில் கட்டி முடிந்த நாளைவிட ஒரு நாள் பிந்தினாலும் அது பிறகு வந்ததுதான். பல மாதங்கள் முந்தியிருந்தால் வேறொரு காரிலிருந்து எடுத்திருக்கலாம்.

ஏழாம் படி: ஒயரிங்கும் சென்ஸார்களும்

பேனலை மாற்றுபவர்கள் ஒயரிங்கை மாற்றுவது அரிது, அதனால் உண்மையை நீண்ட நாள் சுமந்திருப்பது ஒயரிங்தான். மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது பிரேக் விளக்கின் ஒயர்கள். முதல்கட்டக் கார்களில் பிரேக் விளக்கு சுவிட்ச், மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகை. பிறகு அது பிரேக் பெடலின் தண்டுக்கு இடம் மாறியது. பெடலுக்கு அருகே ஒரு இணைப்பான் வேலையில்லாமல் தொங்கினால், அல்லது அந்த ஒயர்களை நீட்டி ஒட்டியிருந்தால், கீழே ஓடும் ஒயரிங் கட்டு ஒரு காலத்தையும் கார் வேறொரு காலத்தையும் சேர்ந்தவை.

இரண்டாவது, என்ஜினில் உள்ள எண்ணெய் அழுத்த சென்ஸார். நீள்சதுரப் பேனலுக்கு வேண்டியது விளக்கை எரித்து அணைக்கும் சிறிய சுவிட்ச். ஐந்து மானிப் பேனலுக்கு வேண்டியது அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும், டப்பா போன்ற பெரிய சென்ஸார். நீள்சதுரப் பேனல் இருக்கும் காரில் பெரிய சென்ஸார் இருந்தால், இடையில் ஐந்து மானிப் பேனல் வந்துபோயிருக்கிறது. இப்போது இருப்பது ‘அசலாக்குவதற்காக’ வாங்கிப் பொருத்தியது.

மூன்றாவது, பேனலின் முதுகில் இருக்கும் சிறு உலோகப் பெட்டி. பெட்ரோல், வெப்ப மானிகளுக்குச் சராசரியாக 5 வோல்ட் தரும் மின்னழுத்தச் சீராக்கி இது. அசல் பெட்டிக்குள் இரட்டை உலோகப் பட்டை சூடாகி, வளைந்து, தொடர்பை விட்டு விட்டு இணைக்கிறது. முள் வைத்த பழைய வோல்ட்மீட்டரை அதன் வெளிவாயிலில் வைத்தால் முள் துடிக்கும். முள் அசையாமல் 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே இருப்பது இக்கால மின்னணுச் சுற்று. அப்படி மாற்றியிருப்பது தவறல்ல. என் காராக இருந்தால் நானும் அதையே செய்வேன், ஏனென்றால் அசல் பெட்டி பழுதானால் மானிகளையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். ஆனால் ‘எதையும் தொடவில்லை’ என்று சொல்லப்பட்ட பேனலில் அது இருந்தால், சொன்னவரின் மற்ற வார்த்தைகளையும் மறுபடி எடை போட வேண்டும். சோதனையின்போது மானிகளுக்கு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கவே கூடாது. பெட்ரோல் மானியைச் சோதிக்க, டாங்கிலிருந்து வரும் ஒயரின் இடத்தில் ஏறத்தாழ 73 ஓம் தடையை வைத்தால் முள் காலியையும், 10 ஓம் வைத்தால் நிறைவையும் காட்ட வேண்டும்.

எட்டாம் படி: ராலி-பேக்

ஸ்டீயரிங் தண்டின் மேல் டேக்கோமீட்டரையும் கடிகாரத்தையும் இரு பக்கங்களில் தாங்கி நிற்கும் ராலி-பேக், கூடுதல் பணம் கட்டி வாங்கியது. இதைத் தனியாகப் பொருத்தித் தரவும் செய்தார்கள் என்பதால், இருப்பதாலோ இல்லாததாலோ காரின் காலம் தெரியாது. கவனிக்க வேண்டியவை இரண்டே. நீள்சதுரப் பேனலுக்கும் ஐந்து மானிப் பேனலுக்கும் கூட்டின் உயரம் வேறு. தவறான கூடு மானிகளை மறைக்கும் அல்லது அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும். சாதாரண என்ஜின்களுக்கு 6000 சுற்று வரையும், கே என்ஜினுக்கு 8000 சுற்று வரையும் டேக்கோமீட்டர் இருந்தது. யு எழுத்துக் காரில் 8000 கண்டால் அது யாரோ ஒருவரின் ஆசை.

ஒன்பதாம் படி: மறுதயாரிப்பைப் பிரித்தறிதல்

மஸ்டாங்குக்கு இன்று ஏறக்குறைய எல்லா டாஷ்போர்டு உறுப்புகளும் புதிதாகக் கிடைக்கின்றன. ஓரச் சட்டத்தின் பின்பக்கத்தில் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் சுருக்கமான ஃபோமோகோ முத்திரையும் பொறியியல் எண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்கின் பின்பக்கம் விளக்குச் சூட்டில், பல்புக்கு நேர் பின்னால் மட்டும் பழுப்பேறியிருக்கும். புதியதில் நிறம் எங்கும் ஒரே சீராக இருக்கும். ஸ்பீடோமீட்டரின் தூர எண்ணியில் ஐந்து இலக்கங்களே உள்ளதால் 99,999-க்குப் பிறகு அது மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். குறைந்த மைல் காட்டும் எண்ணியைத் தேதிக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இலக்கச் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஏறியும் இறங்கியும் இருந்தால் அதைத் திறந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

பத்தாம் படி: பதிவும் விலையும்

கார் எண், கதவுத் தகட்டின் நாள், விளக்கின் எழுத்து, பொறியியல் எண், உறுப்பின் தேதி, ஒயரிங்கின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படத்தை இணைத்து வையுங்கள். முரண் வந்தால் எடை போடும் வரிசை என் கணக்கில் இது: உடலில் குத்திய எண்ணுக்கு முதலிடம், உறுப்பின் தேதிக்கு இரண்டாமிடம், ஒயரிங்குக்கு மூன்றாமிடம், விளக்கின் எழுத்துக்குக் கடைசி இடம். மாற்றுறுப்பு என்று தெரிந்ததைக் கழற்றும்போது அதைத் தூக்கி எறியாமல், எங்கிருந்து எடுத்தது என்ற சீட்டோடு எடுத்து வைக்க வேண்டும், அது வேறொரு காருக்குச் சரியான உறுப்பாக இருக்கலாம்.

தனியாக விற்பனைக்கு வரும் பேனல்களில் கார் எண் என்ற முதல் சான்றே இல்லாததால் பின்பக்கப் படங்கள்தான் எல்லாம். முத்திரையும் எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரியும் படங்களை விற்பவர் தரவில்லை என்றால், முகப்பில் ஜென் என்று எரிந்தாலும், அதைச் சாதாரண 1965 பேனலுக்குரிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது.